கூலி_இறுதி_புதுசு_2

மின்வெட்டு முடிந்து
தறிகள் திரும்பக் கத்தத் தொடங்கிய
சோமனூர் மதியத்தில் இந்தக் கோப்பைத் திறந்தேன்.
பதினோரு பக்கம். கூலி ஒப்பந்தம்.
சங்கத்துப் பொருளாளர் கருணாம்பிகைக்கு
வெள்ளிக்கிழமைக்குள் புள்ளியாக வேண்டும்.

முதலில் எழுத்துரு.
திரையில் தமிழ், அடியில் பாமினி;
தமிழ் வேஷம் கட்டிய ஆங்கில எழுத்துகள்.
இப்படியே அனுப்பினால்
சிங்காநல்லூர் மாடியில் இருக்கும் எம்பாசர்
ஒரு புள்ளி பிசகாமல்
உளறலை அடித்துக் கொடுத்துவிடும்.
யூனிகோடுக்கு மாற்றினேன்.
கண்ணுக்கு முன்னால் நிற்கிற ஒற்றைக்கொம்பு
கோப்புக்குள் பின்னால் போயிற்று.
பிரெயிலில் இன்னொரு கூத்து:
மெய்யின் தலைமேல் இருக்கும் புள்ளி இறங்கி
மெய்க்கு முன்னால் வந்து நின்றுகொள்ளும்,
வண்டிக்கு முன்னால் ஓடுகிற பையன் மாதிரி.

அடுத்து, மயில்சாமியண்ணன் கைவேலை.
தலைப்பை நடுவுக்குக் கொண்டுவர
இடவெளிக் கட்டையை முப்பத்திரண்டு தட்டு.
பக்கம் மாற எண்டரில் பதினெட்டு.
தடிப்பாகப் போட்டால் தலைப்பு என்று நினைப்பு அவருக்கு.
'தலைப்பு ஒன்று' என்று பாணி கொடுத்தால்தான்
மெஷின் அதைத் தலைப்பாக மதிக்கும்.
வெற்றிடத்தை அழிக்க அழிக்க
பதினொன்று ஏழாயிற்று.
நாலு பக்கம் வெறும் காற்று.

ஒரு வரி மட்டும் சிவப்பில் இருந்தது.
"செவப்பு எதுக்குங்ணா?"
"முக்கியம்னு."
"அப்ப முக்கியம்னே எழுதீரட்டுங்ளா?"
"எழுதிக்க. ஏன், அங்க செவப்பு ஓடாதா?"

அட்டவணை.
ரகம், பிக், பழைய கூலி, புதுக் கூலி.
கருணாம்பிகை போனில் சொன்னார்:
"தாளு நாப்பது கட்டந்தானுங் அகலம்.
வரி வரியாப் பிரிச்சுப் போட்ருங்.
மேற்படி மேற்படின்னு வெக்காதீங்,
ஒவ்வொரு தடவையும் வெரலு மேல ஏறி எறங்கோணும்."
ஒன்பது மேற்படியிலும் தொகையை நிரப்பினேன்.
ஒன்றில் பைசா இடித்தது.
மூலத்தைப் பார்த்துத் திருத்தினேன்.

கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு படம்.
நீல வட்டம், கொஞ்சம் சாய்ந்து.
விவரம் எழுதாவிட்டால்
அங்கே ஒன்றுமே இருக்காது.
'உரிமையாளர் தரப்பின் முத்திரை, கையெழுத்து'
என்று தட்டிவிட்டு,
எழுத்துச் சரிதானா என்று பார்க்க
நானூறு சதவீதம் பெரிதாக்கினேன்.

வட்டம். ஊர்ப் பெயர். ஒரு வருஷம்.
குறுக்கே சுழித்து ஓடி
நுனியில் மேலே கிளம்பிய கோடு.
இன்னும் பெரிதாக்கினேன்.
கோட்டுக்கு ரோமம் இருந்தது.

எழுந்துபோய் ஸ்கேனர் மூடியைத் திறந்தேன்.
இந்த ஊரில் எதைத் திறந்தாலும் இருப்பதுதான்.
கண்ணாடியில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது
நூல் பிசிறு.

நாலு மாசமாய் ஆபீஸ் சுவரில் இருக்கிறது இந்தத் தாள்.
டீ குடித்துக்கொண்டே படித்திருக்கிறார்கள்.
பிரதி எடுத்துப் பையில் வைத்திருக்கிறார்கள்.
இருபத்தைந்து பிரதி நான்தான் போட்டுக் கொடுத்தேன்,
ஒன்று இரண்டு ரூபாய்க்கு.

மயில்சாமியண்ணன் வெகுநேரம் திரையையே பார்த்தார்.
"முத்திரைன்னு மட்டும் போட்டு உடு கண்ணு.
மத்தத நாங்க பேசிக்கறோம்."

அழித்தேன். திரும்ப எழுதினேன்:
வட்ட முத்திரை. குறுக்கே ஒரு நூல். கையெழுத்து இல்லை.

'இல்லை'க்கு
ஐந்து கட்டம், பதினோரு புள்ளி.
எண்ணிப் பார்த்தேன்.
கோப்புக்குப் பெயர்: கூலி_இறுதி_புதுசு_3.

வெள்ளி ராத்திரி எட்டரைக்குப் போன்.
பின்னால் அவர் வீட்டுத் தறியா, பக்கத்து வீட்டுத் தறியா,
அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி
"ஏழாம் பக்கம் படிச்சுட்டனுங்" என்றார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
"அந்த நூலு
எத்தனாம் நம்பருங்?"

"நாப்பதா இருக்கும்ங்க" என்றேன்.