முதுகுப் பக்கம்

டார்பியில், கம்பளக் கடை ஒன்றின் மாடியில்
ஞாயிறு பத்து மணிக்கு லைப்சிக் போர் தொடங்கியது.
எட்டடிக்கு ஐந்தடி மேசை. பச்சை விரிப்பு.
பாத்திரம் தேய்க்கும் பஞ்சைப் பிய்த்து ஒட்டிய மரங்கள்.
ஊருக்கு இரண்டு வீடு, ஒரு தேவாலயம்,
அதற்குமேல் இடமில்லை.
வெளியே மழை.
உள்ளே ஆயிரத்து எண்ணூற்றுப் பதின்மூன்று, அக்டோபர் பதினெட்டு.
தேநீர் மட்டும் இந்த வருஷத்தது.

நான் பிரெஞ்சுப் பக்கம்.
எதிரே ஹெஸ்டர் பால்டாக், தபால் பிரிப்பவள்.
ரஷ்யர், பிரஷ்யர், ஆஸ்திரியர் மூவரையும்
ஒரே கையால் நகர்த்துகிறாள்.
மறு கையில் சாண்ட்விச்.

என் சாக்சன்களைப் பற்றிச் சொல்லவேண்டும்.
எழுபத்திரண்டு பேர். பொம்மைக்கு ஐம்பது ஆள் கணக்கு.
கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் உயரம்.
நவம்பரில் வெறும் ஈயமாக வந்தார்கள்,
கழுத்தில் அச்சின் பிசிறோடு.
பல் கட்டும் கூடத்தில் வேலை எனக்கு;
பல்லைச் சீவும் கருவியாலேயே
பிசிறைச் சீவினேன்.

வெள்ளைச் சீருடை.
வெள்ளை அடித்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும் அந்தப் பாடு.
முதலில் சாம்பல்,
காய்ந்ததும் எலும்பு நிறம்,
மடிப்பின் மேட்டில் மட்டும் தும்பை வெள்ளை.
தும்பை சூடிப் போருக்குப் போனவர்கள் உண்டு,
இவர்கள் அதை உடுத்திக்கொண்டே நின்றார்கள்.

தெரிந்தேதான் செய்தேன்.
அன்று பிற்பகல், பவுன்ஸ்டார்ஃப் அருகே,
கொடியோடும் பீரங்கியோடும்
அவர்கள் எதிர்ப்பக்கம் நடந்துவிடுவார்கள்.
செஞ்சோற்றுக் கடனை மறந்தவர்கள் என்னலாம்,
கட்சி தாவியவர்கள் என்னலாம்.
போட்ட சோறே அவர்கள் வயலில் பிடுங்கியதுதானே
என்றும் கேட்கலாம்.

நடுவர் ட்ராட் வைத்த விதி இது:
இரண்டு மணிச் சுற்றிலிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும்
கோப்பையில் ஒரு பகடை.
ஆறு விழுந்தால் போய்விடுவார்கள்.
விழாவிட்டால்
உலகம் வேறு மாதிரி.

இரண்டு மணி: மூன்று.
மூன்று மணி: ஒன்று. நான் ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டேன்.
நான்கு மணி.
ட்ராட் கோப்பையைத் தூக்கவில்லை,
முதலில் என்னைப் பார்த்தார்.

ஹெஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டாள்,
அதற்கு நன்றி.
பன்னிரண்டு தட்டுகள், தட்டுக்கு ஆறு பேர்.
ஒவ்வொன்றாகத் தூக்கி, பச்சையைத் தாண்டி,
தன் பக்கம் வைத்துத் திருப்பினாள்.

இந்த ஆட்டத்தில் தளபதிக்கு
தன் படையின் முதுகுதான் தெரியும்.
தோல்பை, சுருட்டிய கம்பளி, குடுவையின் வார்.
முகம் எதிரிக்கு.
இத்தனை ஞாயிறும் நான் முதுகுகளைத்தான் நடத்தினேன்.
இப்போது எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்.

எல்லாருமா?

முன்வரிசைத் தோள்களுக்கு நடுவே
பின்வரிசை.
முப்பத்தாறு பேருக்கு நான் கண் வைக்கவில்லை.
பிப்ரவரியில் கை வலித்தது.
யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

“ரொம்ப நாளாகத் தெரியும்,” என்றாள் ஹெஸ்டர்,
பகடையைக் குலுக்கியபடி.
“நீ சொல்வாய் என்றிருந்தேன்.”

கண்ணில்லாதவர்கள் சுட்டார்கள்.
ஐந்து, ஆறு, ஆறு.
என் இடதுபக்கம் விழுந்ததைப் பற்றி
எழுத ஒன்றுமில்லை.

ஐந்தரைக்கு மேசையைக் காலி செய்தோம்.
என் பெட்டியைத் திறந்து நீட்டினேன்.
“விதிப்படி இவர்கள் என் ஆட்கள்,” என்றாள்,
“அடுத்த ஞாயிறு வரைக்குமாவது.”
சாண்ட்விச் டப்பாவில் காகிதத்தை மடித்துப் போட்டு
தட்டு தட்டாக அடுக்கிக்கொண்டாள்.
சிரித்தாளா என்று பார்க்கவில்லை.

பேருந்தில் மடியில் பெட்டி.
பஞ்சில் பன்னிரண்டு பள்ளம்.
அசைந்தால் சத்தமே இல்லை,
அதுதான் ஒரு மாதிரியாக இருந்தது.

பதினோரு மணிக்கு அவளிடமிருந்து ஒரு வரி:
கண் என்ன நிறம்?

கருப்புப் புள்ளி போதும், இந்த அளவில் நிறம் தெரியாது
என்று எழுதி,
அழித்து,
விளக்கைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
வெள்ளைப் புட்டியின் மூடி
இறுகிப்போயிருக்கிறது.