மூட்டு

மெமோவில் பத்து வரி.
ஒன்பது வரி எனக்குப் பழகிய இங்கிலீஷ்:
தேதி, ஷிப்டு, கேட் நம்பர்,
என் பெயர்கூட, பியூலாவில் ஒரு எல் கூடுதலாக.
பத்தாவது வரியில் நிற்கிறது அந்தச் சொல்.
மேனேஜரை நான் ப்ரவோக் செய்தேனாம்.

ஃபோர்க்லிஃப்டை அணைக்காமலே எட்டிப் பார்த்த டில்லிபாபு
"இன்னாக்கா, உன்ன புரோக்கருன்னு போட்டுக்கீறான்" என்கிறான்.
சிரிப்பு வரவில்லை அப்போது.

எண்ணூர் ஹை ரோட்டில் டிரெய்லர்கள் வால் பிடித்து நிற்க
ஷேர் ஆட்டோவின் கம்பியோரம் ஒட்டிக்கொண்டு
போனில் அகராதியைத் திறந்தேன்.
சினமூட்டு. தூண்டு. உசுப்பு.
அதற்கும் கீழே, பொடி எழுத்தில்:
அழுகை, சிரிப்பு, பயம்
எதை ஒருவருக்குள் கிளப்பினாலும்
இந்தச் சொல் போதும் என்று போட்டிருந்தது.

மூட்டு.
தேரடியில் இறங்கும்போது எனக்கு வலிப்பதும் அதுதான்.
ரஹீமா அக்கா கடையில்
இரண்டு முனையைச் சேர்த்துக் கைலி மூட்டுகிறாள்,
ஒன்றுக்குப் பதினைந்து ரூபாய்.
தங்கச்சி மகனுக்குக் கிச்சுகிச்சு மூட்டினால்
விரல் படும் முன்பே நெளிவான்,
நிறுத்தினால் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டுவான்.
அந்தச் சிரிப்பு
என் விரலில் இருந்ததா,
முதலிலிருந்தே அவன் வயிற்றில் இருந்ததா?

மணலிப் பக்கம் புகைபோக்கி உச்சியில்
ராத்திரியெல்லாம் ஒரு நெருப்பு.
யார் மூட்டியது என்று கேட்டு
அதற்கு ஒரு மெமோ நான் பார்த்ததில்லை.

நான் கேட்டது ஒரு தாழ்ப்பாள்.
பெண்கள் கழிப்பறைக்கு.
மூன்று மாதமாகக் கேட்கிறேன்.
ஒருத்தி உள்ளே போனால்
ஒருத்தி வெளியே கதவை இழுத்துப் பிடித்து நிற்கிறோம்,
கன்டெய்னர் டிரைவர்கள் பல் விளக்கும் குழாய்க்கு எதிரில்.
குரலை உயர்த்தவில்லை.
கையைக் கட்டிக்கொள்ளவும் இல்லை.
ஒருவேளை இரண்டாவதுதான் குற்றமோ.

பதில் எழுத உட்கார்ந்தேன்.
'சாரி' என்று ஆரம்பித்த மூன்று தாள்களில்
மறுநாள் பையன் ராக்கெட் விட்டான்.
நாலாவதில் சாரியும் இல்லை, சுற்றி வளைப்பதும் இல்லை.
அவர்கள் கொடுத்த சொல்லையே எடுத்து
வேறு இடத்தில் வைத்தேன்:
தாழ்ப்பாள் இல்லாத கதவு
எங்களுக்குப் பயத்தை ப்ரவோக் செய்கிறது.
கதவு ஒன்றுதான் என்பதால்
சொல்லின் வாலில் மறக்காமல் ஓர் எஸ்.
கீழே என் பெயர், ஒரே எல்லோடு.

காலையில் நீட்டினேன்.
படிக்கப் படிக்க அவருக்குக் காதுமடல் சிவந்தது.
இது வேண்டுமானால் நான் செய்தது சார்,
என்று சொல்லவில்லை.

நேரே நடந்தேன்.
மல்லேஸ்வரி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டாள்.
"சீக்கிரம் வாடி, டேலி ஷீட் கீது" என்றாள்.
உள்ளே, பக்கெட்டைப் பிடித்தபடி,
யார் மூட்டினார்களோ,
நேற்று வராத அந்தச் சிரிப்பு.