புறங்கைக்கு ஒரு ரப்பர்

பழைய ரப்பரின் நடுவில்
முட்டை அளவுக்கு வழுக்கை.
வாயால் ஊதி ஈரப்படுத்தித் துடைத்தாலும்
பந்து அதைச் சட்டை செய்வதில்லை.
வின்னிபெக்கின் ஜனவரி எதையும் உலர்த்திவிடும்:
உதட்டை, கதவுச் சட்டத்தை,
ஹீட்டர் ஓயாத சமூகக் கூடத்தில்
இரண்டு வருடம் காப்பாற்றி வைத்திருந்த பிசுக்கை.

செவ்வாய்தோறும் தோற்கிறேன்.
எந்தப் பக்கம் தோற்பேன் என்று
டோலோரஸ் மனாலோவுக்குத் தெரியும்.
மருத்துவமனைச் சலவைப் பிரிவில்
இரவெல்லாம் விரிப்பு மடிக்கிற கைகள்;
மடிப்பு எங்கே கலையும் என்று பார்த்ததும் சொல்லும்.
முதல் பந்தும் இரண்டாவதும் வலப்பக்கம், உபசாரம்.
மூன்றாவது
என் இடது இடுப்பை ஒட்டி.

அகங்கையால் அடிக்கும்போது
காலும் இடுப்பும் தோளும் கூடவே கிளம்பும்,
கல்யாணத்துக்கு வேன் பிடித்தது போல.
புறங்கைக்கு யாரும் வருவதில்லை.
ஒரு மணிக்கட்டு, கொஞ்சம் முழங்கை,
அவ்வளவுதான் அதன் சொந்தபந்தம்.
ஈ ஓட்டுகிற அசைவு அது.
கதவைப் பாதி திறந்து
'வேண்டாம்பா, நேற்றே வாங்கியாச்சு' என்கிற அசைவு.

போஹ்தானின் கடை அவன் கார் டிக்கியில்.
மைனஸ் இருபத்தெட்டில் விறைத்துவிடும் என்று
ரப்பர்களைக் கம்பளியில் சுற்றி எடுத்துவந்து
பனி சொட்டும் பூட்ஸ்களுக்கு நடுவே விரிக்கிறான்.
இது வேகம். இது சுழல்.
அடியில் பஞ்சு இரண்டு மில்லிமீட்டர்,
இல்லை, ஒன்று புள்ளி எட்டு,
இல்லை, உனக்கு ஒன்றரை போதும்.
அந்தப் 'போதும்' எனக்குப் பிடிக்கவில்லை.

நீள முள் ரப்பரும் இருந்தது.
எதிராளி போட்ட சுழலை
எதிராளிக்கே திருப்பிவிடுமாம்,
நாம் எதுவும் செய்ய வேண்டாமாம்.
வழவழவென்று இன்னொன்று:
யார் என்ன சுழற்றினாலும்
மனதில் வாங்கிக்கொள்ளாதாம்.
என் அண்ணன் ஞாபகம் வந்தது.
கீழே வைத்துவிட்டேன்.

மூன்று இரவு யோசனை.
ரத்த வங்கியில் பைகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டே
ஓ நெகட்டிவ், ஓ நெகட்டிவ்,
இரண்டா, ஒன்று புள்ளி எட்டா,
ஏ பாசிட்டிவ்.
'எழுபது டாலரா, ஒரு பக்கத்துக்கா?' என்றார் ஐங்கரன்.
மட்டைக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதை
அவர் அதற்குமேல் யோசிக்காதபடி
தோசையைத் திருப்பிப் போட்டேன்.

தேன் எடுத்தவன் புறங்கையை நக்குவான் என்பார்கள்.
என் புறங்கையில் சானிடைசர் நெடி,
குளிரில் வெடித்த தோல்,
நாற்பத்தாறு வயதுக்குப் புடைத்த ஒரு பச்சை நரம்பு.
நக்க ஒன்றுமில்லை.

அடுத்த செவ்வாய் இடைவேளையில் டோலோரஸ்
ஆரஞ்சு உரித்துக்கொண்டே
தன் மட்டையை என் பக்கம் தள்ளினாள்,
அடித்துப் பார் என்று.
திருப்பிப் பார்த்தேன்.
என்னுடையது முட்டை அளவு வழுக்கை என்றால்
அவளுடையது முழு மொட்டை.
ஓரம் பிய்ந்து,
மருத்துவமனை பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

இதைக் கொண்டா?
இத்தனை செவ்வாயும் இதைக் கொண்டா?

ஒரு சுளை நீட்டினாள். தின்றேன்.
நேரே போய் போஹ்தானிடம்
ஒன்று புள்ளி எட்டு, கறுப்பு என்றேன்.
தெளிந்து எடுத்த முடிவு என்று சொல்ல மாட்டேன்.
கோபமும் ஆரஞ்சும் பாதிப் பாதி.

பழையதை உரித்தபோது
மரத்தில் பஞ்சு தீவுதீவாக ஒட்டி நின்றது.
கட்டைவிரலால் தேய்த்தேன், ஒரு முழுச் செய்தி நேரம்.
பசை வெள்ளையாகப் பூசினேன்,
கண்ணாடியாகும்வரை காத்திருந்தேன்.
வளைவைக் கத்தரிக்கோல் ஒரே ஓட்டத்தில் வெட்டியது,
கடைசி அரை அங்குலம் தவிர.
அங்கே மட்டும் எலி கடித்த மாதிரி.

செவ்வாய்க்கிழமை.
மூன்றாவது பந்து, இடது இடுப்பு.
மணிக்கட்டைத் திறந்தேன்.
பந்து மேசையைத் தாண்டி,
டோலோரஸைத் தாண்டி,
நாலாம் மேசைக்காரர்களின் தண்ணீர்க் குடுவைக்கடியில் போய்
ஒளிந்துகொண்டது.

குனிந்து எடுத்துவந்து நீட்டினாள்.
'புதுசா?' என்றாள்,
என் மட்டையைத் தொட்டு முகர்ந்து பார்த்து.
'நல்ல வாசனை.'