இரண்டால் பெருக்கக் கூடாது

ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டும்.
அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால்
டாக்டர் நூரா கையெழுத்துப் போட மாட்டார்.
பிறந்து மூன்று நாளான நெஞ்சு
பாதியில் நிற்கும், என்னவோ யோசிக்கும்,
பிறகு பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் மாதிரி
ஏழெட்டு மூச்சை ஒரே ஓட்டமாய் ஓடும்.
"இதில் எந்தப் பாதியை நீ பெருக்குவாய்?"
வேலைக்குச் சேர்ந்த அன்றே கேட்டுவிட்டார்.

ஜஹ்ராவில் காற்று மேற்கிலிருந்து வரும்.
புழுதிக்கு இங்கே தோஸ் என்று பெயர்.
மத்தியானம் மூன்று மணிக்கு வானம்
ஆறிப்போன டீயின் நிறத்தில் இறங்கி
நெடுஞ்சாலை விளக்குகளை ஒவ்வொன்றாய்த் தின்னும்.
எங்களுக்கு அது ஓர் எண்.
ஆஸ்பத்திரி மொட்டைமாடியில் ஒரு பெட்டி
காற்றை உறிஞ்சி, எடைபோட்டு,
மணிக்கொரு தடவை சொல்லும் எண்.
கீழே வார்டில் நான் எண்ணுவது இன்னொன்று.
இரண்டுக்கும் நடுவே கோடு இழுக்க முடியுமா?
பணம் வந்தது இந்தக் கேள்விக்கு,
பதிலுக்கு அல்ல.

ஒப்புதல் படிவம் ஆறு மொழிகளில் இருக்கிறது.
தமிழில் இருப்பது நான் எழுதியது.
'சுவாச வீதம் அவ்வப்போது அளவிடப்படும்.'
ஜெனிட்டா மூன்று முறை வாசித்தாள்,
தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு.
"பிள்ளைக்கு மூச்சு வாங்குதான்னு பாக்கப் போறீங்க,
அதானே?"
அதேதான்.
அடுத்த பதிப்பில் மாற்றினேன்.

அவள் பிள்ளைக்கு எண் நூற்றுப் பதினேழு.
முதல் நாள் அறுபத்தெட்டு.
மூக்குச் சிறகு விரிய,
விலாவுக்கு நடுவில் தோல் குழிய,
முனகிக்கொண்டே விட்ட அறுபத்தெட்டு.
குழாயின் மறுமுனை தண்ணீர்க் குப்பியில்
கொப்பளித்துக்கொண்டிருந்தது.
ரூபஸ் கிரேன் ஓட்டுகிறவன்.
முழங்கைவரை கழுவிவிட்டு வந்தும்
நகக்கண்ணில் மணல் இருந்ததால்
திரும்பவும் போய்க் கழுவினான்.
"சத்தம் நின்னா சொல்லுங்க" என்றான் குப்பியைக் காட்டி.
குமிழி நிற்கக் கூடாது என்பது
அதற்குள் எப்படியோ தெரிந்திருந்தது.

பதினோராம் நாள் நாற்பத்தாறு. வீட்டுக்குப் போனார்கள்.
மூன்றாம் மாதம் வந்தார்கள். ஆறாம் மாதம் வரவில்லை.
ரூபஸின் கம்பெனி மூடிவிட்டதாம்.
அழைத்தால் அரபியில் ஒரு பெண்
அந்த எண் இப்போது இல்லை என்றாள்,
பிறகு அதையே ஆங்கிலத்தில்.
கட்டத்தில் ஒன்பது போட்டேன்.
ஒன்பது என்றால் தொடர்பு அறுந்தது.
முப்பத்தொரு ஒன்பது இருக்கிறது எங்களிடம்.
விசா முடிந்தவை, வீடு மாறியவை,
ஏன் என்று தெரியாதவை.
"இருக்கிறவர்களின் சராசரியை வைத்து
இல்லாதவர்களை நிரப்பிக்கொள்ளலாம்" என்கிறார்
புள்ளிவிவரம் பார்க்கும் ஹைதம். அதற்கு முறை உண்டாம்.
நல்ல மனிதர். பெருக்கத் தெரிந்தவர்.

ஒரு ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸப் அழைப்பு.
திருப்பூரிலிருந்து ஜெனிட்டா. அங்கே பதினொன்றரை.
பின்னால் தையல் மிஷின்கள்.
"சளி பிடிச்சிருக்கு. நீங்க எண்ணுவீங்கள்ல?"
சட்டையைத் தூக்கிக் காட்டப் பார்த்தாள்.
படம் கட்டம் கட்டமாக உடைந்தது.
போனை அவன் மூக்கருகே வைக்கச் சொன்னேன்.
அடைத்த மூக்கு என்பதால் கேட்டது.
கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு
சமையலறை வாசலில் நின்றபடி எண்ணினேன்.
நாற்பத்தொன்று.
பயப்பட ஒன்றுமில்லை, பால் குடிக்கிறானா பார்,
காலையில் அங்கே ஒரு டாக்டரிடம் காட்டிவிடு என்றேன்.

போனில் எண்ணிய மூச்சுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
ஒன்பதுக்குப் பக்கத்தில், ஓரமாக எழுதிவைத்தேன்.
டாக்டர் நூரா பார்த்தார்.
"முழு நிமிடமா?"
நடுவில் எட்டு நொடி லைன் விட்டது என்றேன்.
பேனாவை எடுத்து அடித்தார்.

அடித்தாலும் படிக்க முடிய வேண்டும்,
ஒரே ஒரு கோடுதான் போட வேண்டும்
என்பது இங்கே விதி.
அப்படித்தான் போட்டார்.
கோட்டுக்கு அடியில் தெரிகிறது நாற்பத்தொன்று.