இரண்டு கடப்பு மிச்சம்

பத்தொன்பது வருடமாக இந்த ஏரியில்
மிதவைப்படகு ஓட்டுகிறேன்.
கடைசி நடை மாலை ஏழு மணி.
அதற்குப் பின் நெஞ்சைப் பிடிப்பவர்கள்
முதலில் என் தூக்கத்தில்தான் விழுவார்கள்.

நான் வந்தபோது இக்கரையில்
முப்பத்தெட்டுப் புகைபோக்கிகள்.
இப்போது நூற்று நாற்பதோடு எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.
சந்தியாகோவிலிருந்து வந்து குடியேறுகிறார்கள்.
படகோனியாவில் காற்று நல்லது என்கிறார்கள்.
ஜூலைப் பனியில் கேட்கவேண்டும் அவர்களை.

ஆம்புலன்ஸ் அக்கரையில் இருந்தது.
கூப்பிட்டால் எழுபது கிலோமீட்டர் சரளையில் வந்து
துறையில் ஹார்ன் அடிக்கும்.
நான் வெறும் படகோடு போகவேண்டும், ஏற்றி வரவேண்டும்,
ஆளோடு திரும்பக் கொண்டுபோகவேண்டும்.
மூன்று கடப்பு, ஓர் உயிருக்கு.

ருடெசிந்தோவின் மகள் மூன்றாவதில் பிறந்தாள்.
பிறந்த ஊர் எது என்றார் பதிவாளர்.
ஏரி என்றேன். படிவத்தில் அதற்கு இடமில்லை.
எவரிஸ்தோவுக்கு முதல் கடப்பே தாங்கவில்லை.
தெரியாமல் நான் இரண்டாவதையும் ஓட்டினேன்.

மனு போட்டோம்.
அக்கறையோடு பரிசீலிப்பதாக
அக்கரையிலிருந்து கடிதம் வந்தது.
பிறகு ஓர் அதிகாரியே வந்தார்;
மக்கள்தொகை போதாது என்றார்.
ஆட்டு ரோமம் கத்தரிக்கும் நோல்ஃபா
என் படகுக் குறிப்பேட்டைப் பிடுங்கி வாசித்தாள்:
தேதி, மணி, காற்றின் வேகம்,
'விளக்கில்லாமல் திரும்பியது.'
அடுத்த பக்கம். 'விளக்கில்லாமல் திரும்பியது.'
அப்படியென்றால் என்ன என்று கேட்டார் அவர்.
கூடத்தில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.
வேறு பதில் வரவில்லை.

ஏப்ரலில் வண்டி வந்தது, இக்கரைக்கென்றே.
நிறுத்த இடமில்லை.
நோல்ஃபா தன் கொட்டகையைக் காலி செய்தாள்.
ஸ்ட்ரெச்சரில் இன்னும் கம்பளி வீச்சம்.
கழுவிக் கழுவிப் பார்த்து
செவிலி யெர்கா விட்டுவிட்டாள்.

ஜூலையில் ஒரு நள்ளிரவு.
காற்று நல்லது என்று வந்தவர்களில் ஒருவர்,
ஓய்வுபெற்ற வங்கிக்காரர்,
காற்றுக்குத் திணறினார்.
பன்னிரண்டு நிமிடத்தில் துறைக்கு வந்துவிட்டார்கள்.
ஏரியோ விடவில்லை. அலை துறையின் மேல் ஏறி அடித்தது.
வண்டிக்குள் நானும் போய் உட்கார்ந்தேன்.
யெர்கா ஆக்சிஜன் முள்ளைப் பார்த்தாள்,
நான் கண்ணாடி வழியே தண்ணீரைப் பார்த்தேன்,
அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.
வண்டி ஆடியது. எதுவும் பேசவில்லை.

நாலு பத்துக்கு வடத்தை அவிழ்த்தேன்.
விடிந்தபின் எழுதினேன், விரல் விறைத்து, கோணலாக:
காற்று நாற்பது. ஒரு கடப்பு.
விளக்கு எரிந்தபடி.