இலவச வகுப்பு

திங்கள் முதல் வியாழன் வரை
பிர்னோ நகரில், மருந்துக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில்
மதியம் இரண்டு மணிக்கு ஆங்கிலம் இலவசம்.
முடிவெட்டப் பழகுகிறவனிடம்
தலையைக் கொடுத்தால் யார் காசு கேட்பார்கள்?

நாங்கள் அந்தத் தலைகள்.
நான் லிபுஷே, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை.
பக்கத்து நாற்காலி ராதிம், ட்ராம் ஓட்டுகிறான்.
நாலு வாரத்துக்கு ஒருமுறை
ஆசிரியர் ஆகப்போகிறவர்கள் புதிதாக வந்து இறங்குவார்கள்.
நாங்கள் மறுபடி முதல் பக்கத்துக்குப் போவோம்.

நீங்கள் எப்போதாவது யானைமேல் சவாரி செய்ததுண்டா?
பதினோரு முறை கேட்டாயிற்று.
பதினோரு முறையும் இல்லை என்றேன்,
பிழையில்லாத முழு வாக்கியத்தில்.
போன மாதம் ராதிம் சலித்துப்போய்
"உண்டு, நேற்று" என்றான்.
அந்த வினைச்சொல்லோடு நேற்று ஏன் ஒட்டாது என்று காட்ட
ஹல் நகரத்துக் கிளைவ்
பலகையில் ஒரு கோடு இழுத்தார்,
கோட்டில் ஒரு புள்ளி,
புள்ளியிலிருந்து இன்றைக்கு நெளிநெளியாக ஏதோ.
தள்ளி நின்று பார்த்தார். அழித்தார்.
பின்வரிசைப் பென்சில் குனிந்து எழுதியது.

மேல்மாடி யித்கா
ஞாயிறு இரவு லேப்டாப்போடு வந்தாள்.
"இந்த நாலு வாரக் கோர்ஸ் என் இரண்டு மாதச் சம்பளம்.
இது ஆன்லைன், நூற்றிருபது மணி நேரம்,
பன்னிரண்டு அடிப்பதற்குள் கட்டினால்
ஒரு ஜோடி செருப்பு விலை.
ப்ராகில் முதலாவதைத்தான் கேட்கிறார்கள்.
ஹாய் ஃபோங்கில் இரண்டாவதே போதுமாம்.
சில ஊர்களில் எதுவும் வேண்டாம்,
பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்க்கிறார்கள்.
எதை எடுக்க? நீங்கள்தானே உள்ளே போய்ப் பார்த்தவர்."

நூற்றிருபது மணியில் ஆட்கள் எத்தனை பேர் என்று கேட்டேன்.
விரலால் தள்ளிக்கொண்டே போனாள்.
வீடியோ. வினாத்தாள். வீடியோ. சான்றிதழ்.
"அந்த இன்னொன்றில்?"
ஆறு மணி நேரம் நிஜ வகுப்பு, என்றேன்.
"ஆறுதானா?"
ஆறுதான்.

லெபோஹாங்கைப் பற்றிச் சொல்ல வாயெடுத்து
விட்டுவிட்டேன்.
மசேருவிலிருந்து வந்தவன். முந்தின பாடத்தில் தோல்வி.
கடைசிப் பாடத்துக்கு வெளியிலிருந்து ஒரு தேர்வாளர்,
ஈரக் குடையை மடியில் வைத்துக்கொண்டு.
அட்டைகள் அவன் கையிலிருந்து சரிந்தன,
பொறுக்கி ஒட்டியதில் ஒன்று தலைகீழ்.
இரவல் கொடுப்பது, இரவல் வாங்குவது:
செக் மொழியில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே சொல்.
ஐந்து மாதம் முன்பே எனக்கு அத்துபடி.
இருந்தும் கையைத் தூக்கினேன்,
தப்பாகச் சொன்னேன்.
உரக்க.

அவன் என்னைப் பார்த்தான்.
சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான்,
ஒரு சொல் சொன்னான்.
என் விரலை அவன் பக்கம் திருப்பி
மற்றச் சொல்லை என்னைச் சொல்லவைத்தான்.
ராதிமுக்கு விளங்கிவிட்டது, சிரித்தான்;
ராதிமுக்கே!
குடை நழுவியதைத் தேர்வாளர் கவனிக்கவில்லை.
அவன் தேறினான். சான்றிதழில் என் பெயர் இல்லை.
பேனா என்னிடம்தான் இருக்கிறது,
மை மக்கர் செய்கிறது.

யித்கா செருப்பு விலையையே கட்டினாள்.
சூப் கொதிக்கிற அடுப்பருகே இரண்டு வாரத்தில் முடித்தாள்.
சனிக்கிழமை விடியலில் நான் வேலை முடிந்து படியேறினால்
அவள் கதவுக்குப் பின்னால்
ஆப்பிள், ஆப்பிள் என்று கேட்கும்.
குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல குரல்.

இன்று காலை என் கதவைத் தட்டினாள்.
"ஒரு சின்னப் பையன். ஒன்பது வகுப்பாயிற்று,
வாயே திறக்க மாட்டேன் என்கிறான்.
அதற்கு அவர்களிடம் வீடியோ இல்லை."

என் மேல் கோட்டில் இன்னும் சலவைச் சோடா வாசனை.
கழற்றி நாற்காலியில் போட்டேன்,
அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன்.
நான்தான் அந்தப் பையன், ஆரம்பி என்றேன்.

பிறகு நான் எதுவும் பேசவில்லை.