துடக்கு

உப்பு லொறியில், மூட்டைகளுக்கு நடுவே
எனக்கொரு கடிதம் வந்தது.
ஐம்பத்திரண்டு நாள் பயணம்.
தம்பியின் கையெழுத்து, மூன்றே வரி.
முதல் வரியில் அம்மா இருந்தா,
இரண்டாவதில் இல்லை.
மூன்றாவது, பசுக்களை விற்றுவிட்டோம் என்றது.

வன்னேரிக்குளத்தில் எனக்கு இது பதினோராம் மாரி.
வந்த புதிதில் சந்தைக் கடையில்
"கால் கிலோ புலி தாங்கோ" என்று கேட்டேன்.
கடை அப்படியே அடங்கிப்போனது.
கார்த்திகேசர் வீதியை ஒருக்கால் எட்டிப் பார்த்துவிட்டு,
"சிஸ்டர், அது நிறுத்துக் குடுக்கிற சாமான் இல்லை" என்றார்.
அன்றைக்கு எழும்பின சிரிப்பில்
ஊர் எனக்கு ஒரு பாயை விரித்தது.

ஆண்டுக்கொருமுறை தலைமை மடத்திலிருந்து படிவம் வரும்.
திருமுழுக்குப் பெற்றோர் என்று ஒரு கட்டம்.
பதினொரு ஆண்டும் பூச்சியம்.
பூச்சியத்தை வடிவாய்ப் போடப் பழகிவிட்டேன்.
பக்கத்துக் கட்டத்தில் எழுதுவேன்:
மலேரியா அறுநூற்றுப் பன்னிரண்டு,
பாம்புக்கடி ஒன்பது,
பிரசவம் முப்பத்தேழு.
அதில் ஒன்று மாட்டுவண்டிலில், மழைக்குள்,
ஜாம் போத்தல் விளக்கும் அணைந்த பிறகு.
தலை வருவதை விரல்தான் கண்டது.
அந்தப் பிள்ளை வீரிட்டு அழுதபோது
என் ஊர்க் கோயில் மணி எப்படி அடிக்கும் என்பதே
மறந்துபோனது.
சந்தோசம் என்றால் அவ்வளவுதான்.
அதற்குக் கட்டமில்லை.

பனி எப்படி மணக்கும் என்றும் இப்போது நினைவில்லை.
அம்மா பின்னி அனுப்பிய கம்பளிக் காலுறையைக்
கறையான் தின்றது.
"எப்ப வருவாய்" என்று அவ எழுதிய போதெல்லாம்
"கடவுள் சித்தம்" என்று பதில் போட்டேன்.
அந்தச் சித்தத்தில் பாதி என்னுடையது.

கடிதத்தை மடித்துவிட்டு ஊசிகளை அவியப் போட்டேன்.
அழுகை வரவில்லை.
என் மொழியில் அழுவதற்கு இங்கே துணையில்லை.

மருந்துக்கு வந்த யோகமலர் முகத்தைப் பார்த்துக் கேட்டா.
சொன்னேன்.
"ஐயோ, அம்மாவின்ர பேர் என்ன?"
"வால்புர்கா."
"வாலாம்பிகை" என்று படலைக்கு வெளியே அறிவித்தா.
அரை மணித்தியாலத்தில் ஊர் முழுக்க
வாலாம்பிகை செத்துப்போனா.

"ஐம்பத்திரண்டு நாளாச்சே" என்றேன்.
"கேட்ட நாளிலயிருந்துதான் துடக்கு."
என் அடுப்பை அணைத்தார்கள்.
வேலிக்கு மேலால் சோறு வந்தது.

எட்டாம் நாள் படைக்க
அம்மாவுக்கு என்ன விருப்பம் என்றார்கள்.
அப்பிள் வைத்துச் சுருட்டுகிற ஒரு பலகாரம்.
மாவை இழுத்து இழுத்து,
அடியில் கடிதம் வைத்தால் எழுத்துத் தெரிய வேணும் என்பா.
கோதுமை மாவு வவுனியாவோடு நின்றுவிட்டது.
அப்பிளை இங்கே பாதிப்பேர் படத்தில்தான் கண்டிருக்கிறார்கள்.
குரக்கன் மாவுக்குள் விளாம்பழமும் சர்க்கரையும் திணித்துச்
சுருட்டிப் பார்த்தார்கள்.
விறகுக்கட்டை மாதிரி வந்தது.
அதை வாழையிலையில் வைத்துவிட்டு
நாலு பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினார்கள்.
"மலையடியில பசு வளர்த்த மகராசி,
மகள் முகம் பாராமல் போனியோ."
பசுக் கதை இவர்களுக்கு எப்படித் தெரியும்?
நான்தான் எப்பவோ சொல்லியிருப்பேன்.
அப்போது அழுதேன்.
தமிழில், ளகரம் ஒன்றும் பிழைக்காமல்.

துடக்குக் கழிக்கிற விடியல்
யோகமலர் என்னைக் கிணற்றடியில் குந்தவைத்தா.
சவர்க்காரத்துக்குத் தடை. தலைக்கு அரப்பும் தேசிக்காயும்.
வாளியைத் தூக்கி உச்சியில் ஊற்றினா.
மூச்சு அடைத்தது.
இரண்டாம் வாளி.
மூன்றாவதை ஊற்றுமுன் வாய்க்குள் எதையோ முணுமுணுத்தா.
என்னவென்று நான் கேட்கவில்லை.

தலை துவட்டி முடியவில்லை.
நடுங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டபடி
வேலியோரம் ஒரு தகப்பன்.
"சிஸ்டர், துடக்கு முடிஞ்சுதோ?"
"முடிஞ்சுது. உள்ளுக்கு வாங்கோ."